சுவிட்ச்போர்டு அக்கா

அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. வேலைக்குத் தகுதியுள்ளவர், தகுதியற்றவர். நான் இரண்டாவதில் குறி போட்டேன். கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, கிளினிக் முத்திரையைக் குத்தினேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரைப் பற்றி எழுதினேனோ அவர் அப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தீவு நகரத்தில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் என் கிளினிக் இருந்தது. முன்னால் மருந்து கொடுக்கும் கவுண்டர். அங்கே ஒரு நர்ஸ். எல்லோரும் அவரை ‘மிசி’ என்று கூப்பிடுவார்கள். உள்ளே என் அறை. சளி, காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் என்று நாள் முழுதும் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பிரஷர்காரர்களில் ஒருவராகத்தான் அக்காவை எனக்குத் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை டாக்டர் என்பார்.

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய இறக்குமதிக் கம்பெனி. அங்கே இருபத்திரண்டு வருடமாக அவர் டெலிபோன் ஆப்பரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்பையெல்லாம் முதலில் அவர்தான் எடுப்பார். எந்த மேசைக்குப் போக வேண்டுமோ அந்தத் துளையில் ஒயரைச் செருகி இணைப்புக் கொடுப்பார். ஆங்கிலம், மலாய், தமிழ், சீனர்கள் பேசும் ஹொக்கியன் நான்கிலும் பேசுவார். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து, பூப்போட்ட கவுனும் கைப்பையுமாக நேராகக் கிளினிக்குக்கு வருவார்.

“குரல வச்சே சொல்லிடுவேன் டாக்டர், யாரு காலைல வீட்டுல சண்ட போட்டுட்டு வந்திருக்கான்னு” என்று ஒருமுறை சொன்னார். “எங்க மேனேஜர் சண்ட போட்ட அன்னைக்கு ரொம்ப மரியாதையா பேசுவாரு.”

நாற்பத்தாறாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச் பூசைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தபோது அவர் வலது கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிறகு, ‘உங்கள் டாக்டரிடமே தொடர்ந்து காட்டுங்கள்’ என்று சீட்டுக் கொடுத்து என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

கணவர்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அவர் பள்ளி ஆசிரியர். மெலிந்த உடம்பு, தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. அக்காவின் வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. நாக்கு புரளவில்லை. நான் சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதிலும் மனதில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் வெளியே வர நேரம் எடுத்தது. அந்த நேரத்தைக் கணவரால் பொறுக்க முடியவில்லை. வகுப்பில் திணறுகிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதைப் போல, அக்கா தொடங்கிய வாக்கியங்களையெல்லாம் அவரே முடித்து வைத்தார்.

என் வேலை சுலபமாக இருந்தது. பிரஷர் பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன். எம்.சி. என்று நாங்கள் சொல்லும் மருத்துவ விடுப்புச் சீட்டை ஒவ்வொரு மாதமும் எழுதிக் கொடுப்பேன். “நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா” என்பேன். அக்கறையோடுதான் சொன்னேன். அவர் எதற்கோ தயாராக வேண்டியவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, கால் நன்றாகத் தேறியிருந்தது. கைத்தடியோடு தானாக நடந்து உள்ளே வந்தார். நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா மேசை மேல் இடது கையை வைத்து, “டாக்டர், நான்... எப்ப...” என்றார்.

“எப்ப சர்ச்சுக்குப் போகலாம்னு கேக்குறா டாக்டர்” என்றார் கணவர்.

“அடுத்த வாரமே போகலாமே. படியில மட்டும் பாத்து ஏறணும்” என்றேன்.

அக்கா கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மேசை மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார். நான் எம்.சி.யைக் கிழித்து நீட்டினேன்.

ஆறாவது மாதம் கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அதனுடன் இருந்ததுதான் நான் தொடக்கத்தில் சொன்ன படிவம். அந்த மாதம் அவர்கள் வந்தபோது கணவர் மட்டும் முதலில் உள்ளே வந்தார். நான் படிவத்தைக் காட்டி, “என்ன நினைக்கிறீங்க?” என்று அவரைக் கேட்டேன்.

“இருபத்திரண்டு வருஷம் அந்த ஒயர்க் காட்டுக்குள்ள கெடந்துட்டா டாக்டர். போதும்லா. மகளும் கல்யாணம் ஆயி போயிட்டா. என் சம்பளம் இருக்கு. இனிமேயாவது வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நல்ல மனிதர். மனைவியைக் காலை மாலை கடற்கரைக்குக் கூட்டிப் போய் நடக்க வைத்தவர் அவர்தான். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, இரண்டு மாதத்தில் நான் கிளினிக்கைத் திறந்தபோது எங்கள் வீட்டில் பெரிய சண்டை. யாழ்ப்பாணக் குடும்பம், எல்லோரும் படித்தவர்கள். ஆனாலும், “அவருடைய உழைப்பு போதாதோ, உமக்கு என்ன அவசரம்?” என்று மாமியார் கேட்டார். அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட நான் இன்னொரு பெண்ணைப் பற்றி அவர் கணவரிடம் மட்டும் கேட்டுவிட்டு, ‘தகுதியற்றவர்’ என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு, அக்கா தனியாக வந்தார். கெலுகோரிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். கவுன் முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“டாக்டர். நான் உங்ககிட்ட... சண்ட போட... வந்திருக்கேன்.”

கைப்பையிலிருந்து கம்பெனிக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மருத்துவரின் அறிக்கைப்படி அவரை வேலையிலிருந்து ஓய்வு பெறச் செய்திருந்தார்கள்.

“அன்னைக்கு நான்... எப்ப வேலைக்குப் போலாம்னு... கேக்க வந்தேன். அவரு சர்ச்சுன்னு சொல்லிட்டாரு. சரி, அவரு புருஷன். பயந்துட்டாரு.” மூச்சு வாங்கினார். நான் இடையில் பேசாமல் இருக்கக் கஷ்டப்பட்டேன். “நீங்க ஏன் டாக்டர்... என்கிட்ட கேக்கல? நான் வெளிய பெஞ்சுலதான இருந்தேன்?”

“அந்த வேலை உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு நினைச்சேன்” என்று ஏதோ முனகினேன்.

அக்கா என் மேசை டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இடது கை விரலால் எண்களைச் சுழற்றினார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் எண்தான். மறுமுனையில் ஒரு பெண் குரல் எனக்கும் கேட்டது. “குட் மார்னிங். மேனேஜர் ப்ளீஸ்” என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. அந்தப் பெண் இணைப்புக் கொடுப்பதற்குள் ரிசீவரை வைத்துவிட்டார்.

“நாலு ரிங் அடிச்ச பெறகு எடுக்குறா” என்றார். “நான் ரெண்டுல எடுப்பேன்.”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். அழுதார். நான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் கம்பெனிக்குப் போனேன். பத்து வருடமாக டாக்டராக இருந்தும், ஒரு நோயாளி வேலை செய்யும் இடத்தை நான் போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாடியில் சன்னலோரத்தில் சுவிட்ச்போர்டு. சாய்மானமுள்ள நாற்காலி, மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம். உட்கார்ந்து செய்யும் வேலை. ஒயர்களை இடது கையாலும் செருகலாம் போலிருந்தது. ஒரு இருபது வயதுப் பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் மிக மரியாதையாகப் பேசினார். கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். “நீங்கள் எழுதியபடிதானே டாக்டர் நாங்கள் செய்தோம்?” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்றேன். காலை நேரம் மட்டும் கொஞ்ச நாள் சோதித்துப் பார்க்கலாமா என்று கெஞ்சினேன். அவர் யோசித்தார். புதிய பெண்ணுக்கு உதவியாக ஒருவர் தேவைப்படலாம், பேச்சு இன்னும் தெளிவாகட்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். வாக்குறுதி எதுவும் தரவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

பழகுவதற்கு, அழைப்பு வந்துகொண்டே இருக்கும் ஒரு டெலிபோன் வேண்டும். என் கிளினிக்கில் இருந்தது. தினமும் காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை மிசிக்குப் பக்கத்தில் அக்காவை உட்கார வைத்தேன். கணவருக்கு இதில் சம்மதமில்லை. ஆனாலும் ஒருநாள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, “சோர்ந்து போனா உடனே ஸ்கூலுக்கு போன் பண்ணுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி தரும் பெண்ணை நான் கூப்பிட்டுப் பேசினேன். நாற்காலி உயரம் என்ன இருக்க வேண்டும், வலது கையை எப்படித் தாங்கி வைக்க வேண்டும் என்றெல்லாம் அவள் சொன்னாள். பேச்சுப் பயிற்சி தர அப்போது எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அக்காவே ஒரு வழி செய்துகொண்டார். வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து டெலிபோன் டைரக்டரியைச் சத்தம் போட்டுப் படித்தார். பெயர், தெரு, எண். பெயர், தெரு, எண். கணவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனையாம். அதைச் சொல்லிவிட்டுக் கோணல் வாயோடு சிரித்தார்.

இரண்டாவது வாரத்தில் இடது கையால் எழுதினார். நான்காவது வாரத்தில் எங்கள் பழைய நோயாளிகளில் பாதிப் பேரைக் குரலிலேயே அடையாளம் சொன்னார். ஒருநாள் காலை என் அறைக்குள் எட்டிப் பார்த்து, “இப்ப பேசின அம்மாவுக்கு... மூச்சு சரியில்ல டாக்டர். மொதல்ல பாருங்க” என்றார். வந்ததும் பார்த்தேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

நான் இதை இத்தோடு நிறுத்திவிட ஆசைப்படுகிறேன். ஆனால் மீதியையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் மருந்து வாங்க வந்த ஒருவர், கவுண்டரில் சாய்ந்துகொண்டு மிசியிடம், “என்ன மிசி, உங்க போன எடுக்குற ஆளு காலையிலயே தண்ணி போட்டுருச்சா?” என்று கேட்டார். அக்கா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். மிசி அவரை முறைத்தார். அக்கா பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாட்களில் இன்னும் சில. அக்கா பேசத் தொடங்கியதும் போனை வைத்துவிட்டார்கள் சிலர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்ட ஒரு தாயிடம் அக்கா கிளினிக் பெயரையே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்ததாம். கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்குக்குப் போய்விட்டாள். மிசி இதையெல்லாம் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். “நான் கம்ப்ளேன் பண்ணல டாக்டர். தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்றேன்” என்றார்.

அன்று நான் செய்திருக்கக்கூடியவை பல. அந்தத் தாயை நானே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். கவுண்டரில் சாய்ந்த ஆளை உள்ளே கூப்பிட்டு, பக்கவாதம் என்றால் என்ன என்று சொல்லியிருக்கலாம். அக்காவிடமே, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அவரை உள்ளே அழைத்தேன்.

“கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா. பேச்சு இன்னும் கொஞ்சம் வரட்டும். அப்புறம் பார்க்கலாம்” என்றேன்.

அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“மேனேஜரும்... இப்படித்தான் டாக்டர். நல்லாத்தான் பேசினாரு.”

தன் பேனாவையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதம் முடிந்தபோது நான் அந்த மேனேஜரைப் போய்ப் பார்க்கவில்லை. என் கவுண்டரிலேயே வைத்துக்கொள்ள முடியாதவரை அவரிடம் எந்த முகத்தோடு சிபாரிசு செய்வது? அக்காவும் என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார். கெலுகோரில் வேறொரு டாக்டரிடம் பிரஷர் பார்ப்பதாக மிசிதான் சொன்னார்.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒருநாள் கெலுகோர்ப் பக்கம் ஒரு வயதானவரை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், என் காடியின் எஞ்சின் கிளம்பவில்லை. பக்கத்துக் கடையில் டெக்சி ஸ்டாண்டு எண்ணைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

“டெக்சி. எங்க... போகணும்?”

அக்காவின் குரல். இடத்தைச் சொன்னேன்.

“டாக்டரா?” என்றார் அக்கா. “நெழல்ல நில்லுங்க. பத்து நிமிஷத்துல வரும்.”

வந்த டிரைவரிடம் விசாரித்தேன். அக்காவே ஸ்டாண்டுக்குப் போய், போனை எடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டாராம். “அந்தக்கா பேச்சு மெதுவாலா. ஆனா ஒரு அட்ரஸ் தப்பாகாது” என்றார் அவர். டிரைவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு ஒரே ஒரு தடவைதான் அவர் என் கிளினிக்குக்கு வந்தார். தனக்காக வரவில்லை. ஐம்பது வயது மலாய்க்கார டிரைவர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அந்த மனிதருக்கு ஒன்றரை மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கை கால் தேறியிருந்தது. ஆனால் இடது பக்கத்தில் பார்வை போயிருந்தது. இனி அவர் டெக்சி ஓட்ட முடியாது. நான் கண்களைச் சோதித்துவிட்டுச் சீட்டை எடுத்தேன்.

“எழுதாதீங்க டாக்டர்” என்றார் அக்கா. “மொதல்ல அவரு என்ன நெனைக்கிறாருன்னு... அவருகிட்ட கேளுங்க.”

நான் பேனாவை வைத்துவிட்டு அவரிடம் மலாயில் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஓட்ட முடியாது என்று தனக்கே தெரியும் என்றார். சாலையில் ஒரு பிள்ளை இடது பக்கமிருந்து ஓடிவந்தால் என்ன ஆகும் என்று நினைத்துத் தூக்கம் வருவதில்லை என்றார். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவேன், ஸ்டாண்டில் எதுவானாலும் செய்கிறேன் என்றார். அக்கா எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். காலையில் போன் தன்னுடையது, மதியத்துக்கு மேல் அவருடையது. தீவில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஸ்டாண்டுக்காரர்களிடமும் பேசிவிட்டார். டாக்டர் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

நான் எழுதினேன். எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்யலாம், எத்தனை மணி நேரம், ஒரு மாதம் கழித்து நான் மறுபடி பார்ப்பேன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அந்த மனிதர் பல வருடம் அங்கே போன் எடுத்தார்.

அன்று அவர்கள் எழுந்தபோது, “அக்கா, அந்தக் கட்டத்துல நான் குறி போட்டது...” என்று ஆரம்பித்தேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டே, “வெளிய ஆளு காத்திருக்காங்க டாக்டர்” என்றார். ஆமாம், காத்திருந்தார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். இன்னொரு நாள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஸ்டாண்டைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறையும் காடியை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு பக்கவாதம் வந்து என்னிடம் வந்த யாரிடமும், முதல் நாளே, என்ன வேலை செய்தீர்கள், அதற்குத் திரும்ப ஆசையா என்று கேட்காமல் விட்டதில்லை. வேலை இடத்துக்கு நானே போன் பண்ணுவேன், முடிந்தால் போய்ப் பார்ப்பேன். ஒரு ரொட்டிக் கடைக்காரர் திரும்பிப் போனார். ஒரு தையல்காரம்மா போக முடியவில்லை. சிலருக்குப் போகவே விருப்பமில்லை, அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் ஜெயாவில் இருந்த மகள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இறந்த செய்தி வந்தபோதுதான் மிசியோடு பாலத்தைக் கடந்து போனேன்.

வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, ஜெபம் நடந்துகொண்டிருந்தது. டெக்சி டிரைவர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மிசி என்னை மகளிடம் கூட்டிப் போய் யாரென்று சொன்னார். அந்தப் பெண் சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற உறவினர்களிடம் திரும்பினாள்.

“இவங்கதான் அந்த டாக்டர். அம்மா எப்பவும் சொல்வாங்க. இவங்க கிளினிக்லதான் மறுபடி போன் எடுத்துப் பழகினேன்னு. அம்மாவ வேலைக்கு அனுப்பி வச்சது இவங்கதான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், யாரோ தேநீர் கொடுத்தார்கள். இல்லை, அப்படி நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் தலையாட்டினேன். கணவர் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அங்கே இருந்த நேரம் முழுதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.